எடையைக் குறைத்தே உலகை வென்றவர்: லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மேன் யார்?

ஒரு கார் வேகமாகப் போக என்ன வேண்டும்? பெரிய எஞ்சின் வேண்டும் என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். எஞ்சினை விடுங்க, காரின் எடையைக் குறைச்சா போதும் என்று நம்பினார் ஒரு மனிதர். அந்த நம்பிக்கையை வைத்து 7 முறை ஃபார்முலா ஒன் அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றார்.

அவர்தான் பிரிட்டனைச் சேர்ந்த காலின் சாப்மேன். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1982-ல் அவர் இறந்தபோது வயது 54.

வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், டிராக்கில் ரேஸ் ஓட்டிவிட்டு, அதே காரிலேயே வீடு திரும்ப வேண்டும். இப்படி ஒரு காரைத் தேடும் ஆட்கள் இன்றும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காக 300 கார், 340 கார் என்று எண்ணி எண்ணித் தயாரிக்கும் லிமிடெட் எடிஷன் மாடல்களும் வருகின்றன. இந்த வகை கார்களுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் சாப்மேன்.

ஆனா, அதே எடை குறைப்புதான் அவருடைய காரை ஓட்டிய வீரர்களை பயமுறுத்தவும் செய்தது. ஏன்? அவர் கதையைப் பார்ப்போம்.

விற்க முடியாமல் நின்ற பழைய கார்

சாப்மேன் பிறந்தது 1928 மே 19. லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் பகுதியில். அப்பா வடக்கு லண்டனின் ஹார்ன்சியில் மதுக்கூடத்துடன் கூடிய ஒரு ஹோட்டலை நடத்திவந்தார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சாப்மேன் படித்தது கட்டமைப்புப் பொறியியல். அதாவது பாலம், கட்டடம் போன்றவை எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் எவ்வளவு இரும்பு போதும் என்று கணக்குப் போடும் படிப்பு. படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். இந்த இரண்டும் பிற்பாடு அவர் கார்களில் அப்படியே தெரிந்தது. அவர் காரை ஒரு விமானம் மாதிரிதான் பார்த்தார். தேவையில்லாத ஒரு கிலோ கூட இருக்கக் கூடாது.

கைச்செலவுக்காக பழைய கார்களை வாங்கி விற்கும் வேலையும் பார்த்தார். 1947-ல் பிரிட்டன் அரசு தனியார் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோலே இல்லை என்றால் காரை யார் வாங்குவார்கள்? பழைய கார் விலை தரைமட்டத்துக்கு வந்தது. கையிலிருந்ததை நஷ்டத்துக்கு விற்ற சாப்மேனிடம் கடைசியாக மிஞ்சியது ஒரு பழைய ஆஸ்டின் செவன்.

விற்க முடியாத அந்தக் காரைத்தான் அவர் பிரித்துப் போட்டார். காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்து, புதிய உடல் கட்டினார். 1948-ல் தயாரான அதுதான் முதல் லோட்டஸ்.

லோட்டஸ் என்றால் தாமரை. ஏன் இந்தப் பெயர்? ஹேசலை அவர் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார் என்பது ஒரு கதை. ஆனால் உண்மைக் காரணத்தை சாப்மேன் கடைசிவரை வெளியில் சொல்லவே இல்லை.

1952-ல் ஹேசல் கொடுத்த சிறு தொகையையும் வைத்து லோட்டஸ் என்ஜினியரிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. இடம், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். 1954-ல் ஹேசலையே திருமணம் செய்துகொண்டார்.

எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கணக்கு ரொம்ப எளிது. ஒரே எஞ்சினை 1,000 கிலோ காரிலும் 500 கிலோ காரிலும் பொருத்துங்கள். எடை பாதியான கார் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பிக்கப் எடுக்கும்.

இது நேர் ரோட்டில் கிடைக்கும் லாபம் மட்டும்தான். பெரிய எஞ்சின் தரும் லாபமும் இதோடு முடிந்துவிடும். எடை குறைவான காருக்கு இன்னும் மூன்று லாபம் இருக்கிறது.

முதலாவது பிரேக். ஒரே வேகத்தில் ஓடினாலும், எடை பாதியான காரை நிறுத்த பிரேக் வாங்க வேண்டிய சூடும் பாதிதான். டிராக்கில் பத்து சுற்று ஓடிய பிறகும் பிரேக் தளராமல் பிடிக்கும்.

இரண்டாவது வளைவு. எடை குறைந்த கார் வளைவில் வெளிப்பக்கம் தள்ளும் விசை குறைவு. டயர் அதிக வேகத்திலும் பிடிப்பை விடாது.

மூன்றாவது செலவு. டயர் தேய்மானம், பிரேக் பேட், பெட்ரோல் என எல்லாமே குறைவாகத்தான் கரையும்.

அதனால்தான் அதிக குதிரைத்திறன் நேர் பாதையில் மட்டும் உதவும், குறைந்த எடை எல்லா இடத்திலும் உதவும் என்ற கணக்கில் சாப்மேன் உறுதியாக நின்றார்.

வரியைத் தாண்ட வந்த கிட் கார்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் புது கார் வாங்கினால் கொள்முதல் வரி பெரிய தொகை. ஆனால் காரை உதிரி பாகங்களாக வாங்கி, வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது.

சாப்மேன் இதைப் பிடித்துக்கொண்டார். லோட்டஸ் மார்க் சிக்ஸ் காரை பெட்டிப் பெட்டியாக, உதிரி பாகங்களாக விற்றார். மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு, அதன் மேல் அலுமினியத் தகடு. எஞ்சினை வாங்குபவர் தன் வசதிக்கு ஏற்ப ஏற்பாடு செய்துகொள்ளலாம். சுமார் 110 கார்கள் இப்படிப் போயின.

அடுத்து 1957-ல் வந்ததுதான் புகழ்பெற்ற லோட்டஸ் செவன். கதவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சொகுசு என்ற பேச்சே இல்லை. எடை 500 கிலோவுக்கும் குறைவு.

விலையைப் பாருங்கள். வரியோடு சேர்த்து முழு காராக வாங்கினால் 1,036 பவுண்டு. கிட்டாக வாங்கினால் 536 பவுண்டு. கிட்டத்தட்ட பாதி!

இதில் ஒரு வேடிக்கையும் சொல்வார்கள். வரி விலக்கு வேண்டும் என்றால் காரைப் பூட்டுவது எப்படி என்ற கையேட்டைக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததாம். அதனால் காரைக் கழற்றுவது எப்படி என்ற கையேட்டை லோட்டஸ் கொடுத்ததாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் கார் ரெடி!

1957: இரண்டு கார்கள், எதை வாங்குவது?

அதே 1957-ல் லண்டன் மோட்டார் ஷோவில் இன்னொரு லோட்டஸும் அறிமுகமானது. பெயர் எலீட். பார்க்க அவ்வளவு அழகு. தனி சேஸிஸே கிடையாது. உடலும் எலும்பும் ஒன்றாக, முழுக்க ஃபைபர் கிளாஸில் செய்யப்பட்டது. விற்பனைக்கு வந்த காரில் உலகில் இதுதான் முதல் முறை. அதன் 1,216 சிசி எஞ்சின், தீயணைப்பு பம்புக்காக உருவாக்கப்பட்ட எஞ்சின் வம்சத்தில் வந்தது. பம்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதால் அந்த எஞ்சினை எடை குறைவாகச் செய்திருந்தார்கள். சாப்மேனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆக, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே கார் தேடியவர் முன்னால் இரண்டு லோட்டஸ்கள் நின்றன.

செவன் வாங்கினால் மழையில் நனைய வேண்டும், காற்றில் கண் எரியும். ஆனால் விலை குறைவு, எதையும் நீங்களே கழற்றி மாட்டலாம், உடைந்தால் குழாயை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம்.

எலீட் வாங்கினால் கூரை உண்டு. 24 மணி நேரம் ஓடும் லு மான் பந்தயத்தில் தன் பிரிவில் 1959 முதல் 1964 வரை வரிசையாக வென்ற கார் அது. ஆனால் உள்ளே சத்தம் மேளம் மாதிரி அதிரும். வளைந்த கதவில் கண்ணாடியை இறக்கவே முடியாது, கழற்றித்தான் வைக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் விரிசல் விட்டால் ரிப்பேரும் சுலபமில்லை.

எலீட் சுமார் 1,000 கார்கள்தான் தயாரானது. அதில் லோட்டஸுக்கு நஷ்டமே மிச்சம். செவனோ இன்றுவரை சாகவில்லை. 1973-ல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் அதே வடிவத்தை இன்றும் தயாரித்து விற்கிறது.

நஷ்டத்தில் கற்ற பாடத்தை சாப்மேன் 1962-ல் வந்த எலான் காரில் சரிசெய்தார். நடுவில் முதுகெலும்பு போல ஒரு இரும்பு சேஸிஸ், மேலே ஃபைபர் கிளாஸ் உடல். லோட்டஸுக்கு லாபம் பார்த்துக் கொடுத்த கார் இது. பிற்காலத்தில் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரை உருவாக்கும்போது முன்மாதிரியாகப் பார்த்ததும் இதைத்தான்.

ஃபார்முலா ஒன்னில் லோட்டஸ் ராஜ்ஜியம்

1960 மொனாக்கோ பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் வென்றதுதான் லோட்டஸ் காருக்குக் கிடைத்த முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. அந்த கார் சாப்மேனின் சொந்த அணியுடையது அல்ல, ராப் வாக்கரின் தனியார் அணியுடையது.

1962-ல் வந்த லோட்டஸ் 25 விளையாட்டையே மாற்றியது. குழாய்க் கூண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, அலுமினியத் தகடுகளாலான பெட்டி போன்ற உடலைக் கட்டினார். எடை குறைந்தது, உறுதி கூடியது. ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஜிம் கிளார்க் இந்தக் காரில் 1963-ல் உலக சாம்பியன் ஆனார். 1965-ல் மீண்டும் சாம்பியன். அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தையும் லோட்டஸில் வென்றார்.

1967-ல் லோட்டஸ் 49. இதில் எஞ்சினே காரின் பின்பக்க எலும்பாக மாறியது. பின்பக்க சஸ்பென்ஷன் எஞ்சின், கியர்பாக்ஸ் மேலேயே பொருத்தப்பட்டது. தனிச் சட்டம் தேவையில்லை என்றால் அந்த எடை மிச்சம்தானே? இந்த கார் களமிறங்கிய முதல் பந்தயத்திலேயே, நெதர்லாந்தில், கிளார்க் வென்றார்.

1970-களின் இறுதியில் காருக்கு அடியில் ஓடும் காற்றை வைத்தே காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் உத்தியைக் கொண்டுவந்தார். அந்த லோட்டஸ் 79-ல் 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன்.

வெற்றிக் கோட்டைத் தன் கார் கடந்ததும் கறுப்புத் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசுவது சாப்மேனின் வழக்கம். அந்தக் காலத்து ரேஸ் ரசிகர்களுக்கு மறக்க முடியாத காட்சி அது.

எடை குறைப்புக்குக் கொடுத்த விலை

இனி கதையின் கஷ்டமான பகுதி.

1960-ல் மொனாக்கோவில் வென்ற அதே மாஸ், சில வாரங்களில் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் பயிற்சி ஓடும்போது லோட்டஸின் பின் சக்கரம் கழன்றது. இரண்டு கால்களும் முறிந்தன.

1968 ஏப்ரல் 7-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா டூ பந்தயத்தில் ஜிம் கிளார்க் இறந்தார். டயரில் காற்று இறங்கியதே காரணமாக இருக்கும் என்பது பலரின் கருத்து. மகன் போலப் பழகிய நண்பனை இழந்த சாப்மேன் உடைந்துபோனார். அடுத்த மாதமே இண்டியானாபோலிஸில் மைக் ஸ்பென்ஸ் என்ற வீரரும் லோட்டஸ் காரில் பயிற்சியின்போது இறந்தார்.

1969-ல் ஸ்பெயின் பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ்களிலும் பின் இறக்கை உடைந்து விபத்து. இரண்டு காரிலும் ஒரே பிரச்சினை!

ரிண்ட் சாப்மேனுக்கே கடிதம் எழுதினார். கார் வேகமாகத்தான் இருக்கிறது, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்த சில கிலோ கூட்டினாலும் நாம் போட்டியில் இருப்போம், காரின் மேல் நம்பிக்கை இருந்தால்தான் என்னால் ஓட்ட முடியும் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம்.

1970 செப்டம்பர் 5. இத்தாலியின் மோன்ஸாவில் தகுதிச் சுற்றுக்கான பயிற்சி. ரிண்ட் ஓட்டிய லோட்டஸ் 72-ல் முன் பிரேக்குக்கான ஷாஃப்ட் உடைந்தது. சக்கரத்தின் மேல் சுமை குறைய வேண்டும் என்பதற்காக, அந்தக் காரில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் உடலின் உள்பக்கம் இருந்தன. சக்கரத்தையும் பிரேக்கையும் இணைத்தது அந்த ஷாஃப்ட்தான். கார் தடுப்பு வேலியில் மோதியது. ரிண்ட் உயிரிழந்தார்.

அந்த ஆண்டு அவர் சேர்த்த புள்ளிகளை வேறு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே வீரர் யோகன் ரிண்ட்.

நியாயமாகச் சொன்னால், அது எல்லா அணிகளிலும் வீரர்கள் இறந்த காலம். டிராக்குகளில் பாதுகாப்பு இல்லை, தடுப்பு வேலிகள் சரியில்லை. எல்லாப் பழியையும் சாப்மேன் ஒருவர் தலையில் போட முடியாது. ஆனாலும் எடையை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்ற எல்லையை அவர் சில சமயம் தாண்டினார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

டெலோரியன் விவகாரம் என்ன?

1970-களின் கடைசியில் அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் டெலோரியன், பிரிட்டன் அரசின் பண உதவியோடு வடக்கு அயர்லாந்தில் கார் தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காரின் பொறியியல் வேலையை லோட்டஸ் எடுத்துச் செய்தது.

இதற்கான பணத்தில் சுமார் 1.76 கோடி டாலர், ஜிபிடி என்ற பனாமா நாட்டு நிறுவனம் வழியாகப் போய்க் காணாமல் போனது. டெலோரியன் நிறுவனம் 1982-ல் திவாலானது, விசாரணை சூடு பிடித்தது.

அந்த நேரத்தில்தான், 1982 டிசம்பர் 16-ல், மாரடைப்பால் சாப்மேன் காலமானார். அவர் மீது வழக்கே பதிவாகவில்லை. லோட்டஸின் நிதிப் பொறுப்பைக் கவனித்த ஃபிரெட் புஷெலுக்கு 1992-ல் 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சாப்மேன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் குறைந்தது 10 ஆண்டு கிடைத்திருக்கும் என்று நீதிபதி அப்போது குறிப்பிட்டார்.

அவர் இறந்த அதே நாளில், கம்ப்யூட்டர் மூலம் தானே சரிசெய்துகொள்ளும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் பொருத்திய ஃபார்முலா ஒன் காரை லோட்டஸ் அணி டிராக்கில் சோதித்துக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்: எண்ணித் தயாரித்த கார்கள்

லோட்டஸ் பல கைகள் மாறியது. 1996-ல் வந்த எலீஸ், 720 கிலோவைச் சுற்றிய எடையோடு, சாப்மேன் பாணிக்கே திரும்பியது. அதை அடிப்படையாக வைத்து வந்ததுதான் 340ஆர். கூரை இல்லை, கதவு இல்லை. மொத்தம் 340 கார்கள் மட்டும்.

2015-ல் 3-லெவன். மொத்தம் 311 கார்கள். ரோட்டுக்கு ஒன்று, ரேஸுக்கு ஒன்று என இரண்டு வகை. ரோடு வகையில் 410 குதிரைத்திறன், ரேஸ் வகையில் 460. எடை சுமார் 900 கிலோ.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கேட்டர்ஹாமின் செவன் 170. எடை 440 கிலோ, சுஸுகியின் 660 சிசி டர்போ எஞ்சின், 84 குதிரைத்திறன். நம்ம ஊர் சின்ன கார்களுக்கு இருக்கும் அளவு சக்திதான். ஆனால் ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுமார் 190 குதிரைத்திறன் வருகிறது! இதிலும் ரோட்டுக்கு எஸ், டிராக்குக்கு ஆர் என இரண்டு வகை.

லோட்டஸ் பெயரில் 2011-ல் ஓடிய ஃபார்முலா ஒன் அணிக்காக ஜெர்மனி பந்தயத்தில் களமிறங்கியவர் நம்ம சென்னையின் கருண் சந்தோக். அந்த அணியை நடத்திய டோனி பெர்னாண்டஸ்தான் அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனத்தையும் வாங்கினார்.

2023-ல் இந்தியாவுக்கு வந்த லோட்டஸ் கார் எது தெரியுமா? எலெட்ரே என்ற எலெக்ட்ரிக் எஸ்யுவி. எடை 2 டன்னுக்கும் மேல். சாப்மேன் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

அப்போ எதைத் தேர்வு செய்வது?

இப்படிப்பட்ட கார்களில் ஒன்றைத் தேர்வு செய்பவர்கள் முதலில் பார்ப்பது குதிரைத்திறன், அடுத்து எத்தனை கார்கள்தான் தயாரித்தார்கள் என்ற எண்ணிக்கை. சாப்மேனின் வாழ்க்கை வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

ஒன்று, இந்த கார் எவ்வளவு நேரம் ரோட்டில் ஓடும், எவ்வளவு நேரம் டிராக்கில் ஓடும்? வருஷத்துக்கு நாலு நாள் டிராக், மீதி நாள் ரோடு என்றால் ரேஸ் வகையின் கடினமான சஸ்பென்ஷன் முதுகைத்தான் பதம் பார்க்கும்.

இரண்டு, எடையை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள்? கூரை, கதவு, மெத்தை, ஏசி, பாட்டுப் பெட்டி ஆகியவற்றிலிருந்து எடுத்திருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். பிரேக், சக்கரம், சஸ்பென்ஷன், ஆளைக் காக்கும் கூண்டு ஆகியவற்றிலிருந்து எடுத்திருந்தால் அது வேறு கணக்கு.

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் ரிண்ட் தன் கடிதத்தில் எழுதிக் கேட்டார். அவர் கேட்டது சில கிலோக்கள் மட்டுமே.